கணினிக் கேள்வி பதில்: பூட்டு வந்தது, திறப்பு வரவில்லை

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் விண்டோஸ் சேவர், ஹைப்பர்-வியில் (ஒரு கணினிக்குள் வேறு கணினிகளை மென்பொருளாக ஓட்டும் விண்டோஸ் வசதி) மெய்நிகர் இயந்திரமாக ஓடியது. புதிய கணினியில் புதிய மெய்நிகர் சேவரை நிறுவி, பழையதன் டி வன்தட்டுக் கோப்பை அப்படியே கொண்டுவந்து இணைத்தோம். எழுதுவினைஞரின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் முன்போலத்தான். ஆனால் காலபோக நெல் கொள்வனவுக் கணக்குகள் பூட்டுப் படத்துடன் நிற்கின்றன. அட்மினிஸ்ரேற்றராலும் திறக்க முடியவில்லை. கோப்புகள் பழுதாகிவிட்டனவா?
வாசகர், பரந்தன்

பதில்: பழுதாகவில்லை. திறப்புத்தான் விண்டோஸ் இருந்த பழைய சி வன்தட்டில் நின்றுவிட்டது.

இது விண்டோஸின் ஈஎஃப்எஸ் பூட்டு, அதாவது கோப்புகளை மறையாக்கம் செய்யும் வசதி. ஒவ்வொரு கோப்புக்கும் தனித் திறப்பு உண்டு. அது எழுதுவினைஞரின் சேர்டிபிக்கேற்றால் (அவருடைய கணக்குக்குரிய டிஜிற்றல் சான்றிதழ்) பூட்டப்பட்டு, கோப்புடனேயே வரும். அந்தச் சேர்டிபிக்கேற்றின் இரகசியத் திறப்போ பழைய பயனர் கணக்குக்குள், அவருடைய கடவுச்சொல்லின் காவலில் இருக்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றானாலும், புதிய சேவரின் கணக்கு விண்டோஸுக்கு வேறு ஆள். டொமைனில் (பல கணினிகளின் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் வலையமைப்பு) சேராத இயந்திரத்தில் அட்மினிஸ்ரேற்றருக்கு மாற்றுத் திறப்பு தானாகக் கிடைப்பதும் இல்லை. 'ரேக் ஓனர்ஷிப்' (கோப்பின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றுவது) செய்து நாளை வீணாக்காதீர்கள். அது படலையைத் திறக்கும், பெட்டகத்தைத் திறக்காது.

பழைய கணினியை இரும்புக்காரரிடம் கொடுத்துவிடவில்லை என்று நம்புகிறோம். முதலில் பழைய சி வன்தட்டுக் கோப்பைப் பிரதி எடுங்கள். பிரதியை வலையமைப்பு இணைப்பு இல்லாமல் இயக்கி, எழுதுவினைஞராகவே உள்நுழையுங்கள். டி வன்தட்டு அங்கே தேவையில்லை. 'மனேஜ் யூசர் சேர்டிபிக்கேற்ஸ்' என்று தேடித் திறந்து, பேர்சனல் பகுதியில் ஈஎஃப்எஸ்ஸுக்கான சேர்டிபிக்கேற்றை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 'பிரைவேற் கீ'யும் சேரவேண்டும் என்று தெரிவுசெய்யாவிட்டால் வெறும் பூட்டின் பிரதிதான் கையில் வரும். பலர் சறுக்குவது இங்கேதான். கிடைக்கும் பிஎஃப்எக்ஸ் கோப்பைப் புதிய சேவரில், எழுதுவினைஞரின் கணக்கில் நின்று இம்போர்ட் செய்தால் கணக்குகள் திறக்கும். பல சேர்டிபிக்கேற்றுகள் இருந்தால், பூட்டிய கோப்பின் புரொப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட், டீற்றெயில்ஸ் வழியாகப் போய் அங்குள்ள 'தம்ப்பிரின்ற்' எண்ணுடன் ஒப்பிடுங்கள்.

பழைய சேவரில் அவருடைய கடவுச்சொல்லை அட்மினிஸ்ரேற்றர் வலிந்து மாற்றியிருந்தால் திறப்பும் பூட்டுண்டிருக்கும். மாற்றுமுன் இருந்த கடவுச்சொல்லையே திரும்ப வைத்துப் பாருங்கள்.

பழைய இயந்திரம் இயங்காவிட்டால், சி வன்தட்டை வேறொன்றில் இணைத்து, அவருடைய அடைவில் ஆப்டேற்றா, ரோமிங், மைக்ரோசொஃப்ற் என்று போய் கிரிப்ரோ, புரொட்டெக்ற், சிஸ்டம்சேர்டிபிக்கேற்ஸ் என்ற மூன்றையும் காப்பாற்றுங்கள். இம்மூன்றும் பழைய கடவுச்சொல்லும் இருந்தால் மீட்பு மென்பொருளுக்கு வழியுண்டு. சி வன்தட்டே அழிந்திருந்தால் உடைத்துத் தருகிறேன் என்பவருக்குக் காசு கொடுக்க வேண்டாம்; ஏஇஎஸ் 256 பிற் பூட்டை ஊகித்துத் திறக்க முடியாது. எழுதுவினைஞர் மின்னஞ்சலில் அனுப்பிய கணக்குகள் பூட்டின்றியே போயிருக்கும். 'சென்ற்' பெட்டியைத் தேடுங்கள்.

கேள்வி: விரிச்சுவல் ரிபிஎம் (திறப்புகளைக் காக்கும் மெய்நிகர் சிப்), பிற்லொக்கர் (முழு வன்தட்டையும் பூட்டும் விண்டோஸ் வசதி) இரண்டும் உள்ள மெய்நிகர் சேவரை, டொமைனில் இல்லாத வேறு ஹைப்பர்-வி கணினிக்கு மாற்றப்போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?
வாசகர், மாங்குளம்

பதில்: பழைய கணினியின் லோக்கல் கம்பியூட்டர் சேர்டிபிக்கேற் பட்டியலில் 'ஷீல்டட் விஎம் லோக்கல் சேர்டிபிக்கேற்ஸ்' என்ற பகுதி இருக்கும். அதிலுள்ள இரண்டு சேர்டிபிக்கேற்றுகளையும் பிரைவேற் கீயுடன் எடுத்து, புதிய கணினியில் அதே பகுதியில் சேருங்கள்; இல்லையேல் இயந்திரம் தொடங்காது. பிற்லொக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை முன்கூட்டியே கடதாசியில் அச்சிட்டு அலுமாரியில் வையுங்கள். அந்த எண்ணை அதே சேவருக்குள் சேமித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு.