'ஹாவ் கம்ப்ளீட்டட்' எங்கே பொருந்தாது?

வணக்கம். வேலை விண்ணப்பத்தில் 'ஐ ஹாவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019' என்று எழுதியதை நண்பர் திருத்தினார், காரணம் விளங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். திருத்தம் சரியானதே. தமிழில் '2019இல் பட்டப்படிப்பை முடித்திருக்கிறேன்' என்று தயங்காமல் சொல்கிறோம். ஆங்கிலத்திலோ 'ஹாவ்' சேர்ந்த இந்த வடிவம் நிகழ்காலத்தோடு ஒட்டியது என்பதால், நேற்று, போன வாரம், 2019 என முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் அதனுடன் சேர்வதில்லை. ஆண்டைக் குறிப்பிட வேண்டுமானால் 'ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019' என எழுதுங்கள். பட்டம் பெற்றிருப்பது மட்டுமே செய்தி என்றால், ஆண்டை நீக்கிவிட்டு 'ஹாவ்' வடிவத்தையே வைத்துக்கொள்ளலாம்.

'சின்ஸ் 2019' என்பது வேறு. அங்கே காலம் இன்றுவரை நீள்வதால், 'ஐ ஹாவ் வொர்க்ட் ஹியர் சின்ஸ் 2019' என்பதுதான் சரி. நம்மில் பலர் எழுதும் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019' என்ற வாக்கியத்தை, விண்ணப்பத்தில் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட, வாக்கியத்தில் காலம் காட்டும் சொல்லை அடிக்கோடிட்டு, அக்காலம் முடிந்ததா, இன்னும் தொடர்கிறதா என்று பார்ப்பது எவ்வளவோ மேல். 'டுடே', 'திஸ் வீக்' போன்ற சொற்களோடு மட்டும், சூழலைப் பொறுத்து, 'ஹாவ் கம்ப்ளீட்டட்', வெறும் 'கம்ப்ளீட்டட்' என இரண்டு வடிவங்களும் வரும்.