மைக்கைச் சோபா மேல் வைக்காதீர்கள்

கேள்வி: நான்கு அங்குல ஸ்பீக்கர் ஐந்து, தாழ்ந்த ஒலிக்கென்று சப்வூஃபர் ஒன்று என்று 5.1 செட் வாங்கினேன். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரோடு வந்த மைக்கைச் சோபா மேல் வைத்து, ரிசீவரே ஒலியை அளந்து சரிசெய்துகொள்ளும் ஆட்டோ கேலிபரேஷன் இரண்டு முறை ஓட்டிவிட்டேன். படத்தில் குண்டு வெடித்தால் ஜன்னல் அதிர்கிறது, பாட்டு போட்டால் சப்வூஃபரிலிருந்து சத்தமே இல்லை. வசனமும் தெளிவில்லை. மெனுவில் முன் ஸ்பீக்கர்கள் ‘லார்ஜ்’, சப்வூஃபர் லெவல் மைனஸ் 12 டெசிபல் என்று இருக்கிறது. பத்தடியில் இருக்கும் சப்வூஃபருக்கு 5 மீட்டர் என்று காட்டுகிறது. ரிசீவர் பழுதா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, பயப்படாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது.

முதலில் அந்த ‘லார்ஜ்’. பெயரைப் பார்த்துப் பெரிய ஸ்பீக்கர் என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் அதற்கு அர்த்தம், பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி முழுவதையும் அந்த ஸ்பீக்கரே வாசிக்கட்டும், சப்வூஃபருக்குப் பிரித்து அனுப்பாதே என்பதுதான். பாட்டு இரண்டு சேனல்தான், அதில் சப்வூஃபருக்கென்று தனித் தடம் கிடையாது, அதனால் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. படத்தின் 5.1-ல் சப்வூஃபருக்கான அந்தப் ‘புள்ளி ஒன்று’ தடம் இருப்பதால் குண்டு மட்டும் வெடிக்கிறது. ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டியோ மூலையிலோ வைத்தால் பாஸ் தூக்கலாக ஒலிக்கும், ரிசீவரும் அதை நம்பி ‘லார்ஜ்’ போட்டுவிடும். எல்லாவற்றையும் ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். நான்கு அங்குலத்துக்கு 100 கூட நல்லதுதான். ஆனால் ரிசீவரே 120 என்று கண்டுபிடித்துப் போட்டிருக்கும் ஸ்பீக்கரை அதற்குக் கீழே இறக்காதீர்கள். சப்வூஃபரின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழைக் கடைசி வரை திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஒலியை இரண்டு இடத்தில் வெட்டியதாகிவிடும்.

மைனஸ் 12 பல ரிசீவர்களில் கடைசி எல்லை. அதற்குமேல் குறைக்க அதனால் முடியவில்லை, அதுதான் ஜன்னல் அதிர்கிறது. சப்வூஃபரின் வால்யூம் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி மறுபடி அளந்தால், மைனஸ் 3, மைனஸ் 4 என்று வர வேண்டும்.

தூரத்தை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். டேப் வைத்து அளந்து 5 மீட்டரை 3 ஆக்கிவிட்டு, பாஸ் தொளதொளவென்று ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரிசீவர் அளப்பது ஒலி வந்து சேரும் நேரத்தை. சப்வூஃபருக்குள் இருக்கும் ஃபில்டர் ஒலியைச் சில மில்லி செகண்ட் தாமதப்படுத்துகிறது, ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகும், அந்தத் தாமதத்தைத்தான் கூடுதல் தூரமாகக் காட்டுகிறது. அந்த எண் சரி.

வசனம் தெளிவில்லாததற்கு மைக்கை வைத்த இடமும் காரணம். சோபா மெத்தை மேல்ஸ்தாயியை உறிஞ்சும், சாய்வுப் பகுதி எதிரொலிக்கும், மைக் அந்தத் தப்பான ஒலியைக் கேட்டு அதைத் திருத்தப் பார்க்கும். கேமரா முக்காலியில் பொருத்தி, உட்கார்ந்தால் உங்கள் காது இருக்கும் உயரத்தில், முனை மேலே பார்க்க வையுங்கள். முதல் அளவு நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில்தான் எடுக்க வேண்டும், ஆடிஸி போன்ற ஆட்டோ கேலிபரேஷன் மென்பொருள்கள் தூரத்தையும் லெவலையும் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. அடுத்தவற்றை இரண்டடிக்குள் நகர்த்தினால் போதும். ஃபேன், ஏசி இரண்டையும் அணைத்துவிடுங்கள். குக்கர் விசில் வரும் நேரம் வேண்டாம், நான் மதியம் மூன்று மணிக்குத்தான் அளப்பேன்.

அப்புறம் சென்டர் ஸ்பீக்கர். டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் தள்ளி வைத்திருந்தால், அளப்பதற்கு முன்பே விளிம்புவரை முன்னால் இழுத்து, அடியில் ஒரு ரப்பர் துண்டு வைத்து முகத்தை உங்கள் காதுப் பக்கம் நிமிர்த்துங்கள். அளந்து முடித்த பிறகும் வசனம் அமுங்கினால் சென்டரை 1 அல்லது 2 டெசிபல் ஏற்றலாம், தப்பே இல்லை.

சில ரிசீவர்கள் மறுபடி அளந்ததும் திரும்ப ‘லார்ஜ்’ போட்டுவிடும், அதனால் கடைசியாக ஒருமுறை மெனுவைப் பார்த்துவிடுங்கள். பிறகு பாஸ் கிதார் நன்றாகக் கேட்கும் பாட்டு ஒன்றைப் போட்டு, சப்வூஃபர் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதிர்வு தெரியாவிட்டால் புது எண்களோடு மறுபடி எழுதுங்கள்.