கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிக்கிறதா?

(நீடாமங்கலம் பக்கம் சிறு இன்ஜின்களுக்குப் பட்டறை வைத்திருப்பவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தோப்பைச் சாய்த்துப் போட்டபோது, விழுந்த தென்னைகளை அறுக்க ஒரு பெட்ரோல் ரம்பம் வாங்கினேன். இப்போதெல்லாம் எப்போதாவதுதான் வெளியே எடுக்கிறேன். பிளக் துளையில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டுக் கயிற்றை இழுத்தால் இரண்டு நொடி உறுமிவிட்டு அணைந்துவிடுகிறது. கடையில் கேட்டால் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும், அதற்குப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்கிறார்கள். என்ன செய்வது?
*– வாசகர், பட்டுக்கோட்டை*

இரண்டு நொடி உறுமியது என்று எழுதினீர்களே, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். தீப்பொறி வருகிறது, பிஸ்டனும் காற்றை அழுத்துகிறது. டாங்கில் இருக்கும் பெட்ரோல்தான் உள்ளே போய்ச் சேரவில்லை. பிளக், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில், பிஸ்டன் ரிங் என்று யாராவது பட்டியல் போடத் தொடங்கினால் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

முதலில் டாங்கைக் காலி செய்யுங்கள். வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டாங்க் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால், ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். இன்ஜின் வழுக்கி ஓடுவதற்காக நீங்கள் பெட்ரோலில் கலந்த டூ-டி ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். டாங்குக்குள் கிடக்கும் ஃபில்டர் உறிஞ்சுவதோ அடியில் இருப்பதை. அப்படியே இன்ஜின் கிளம்பிவிட்டாலும் ஆயிலே இல்லாமல் ஓடிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பாட்டிலில் நடுவே ஒரு கோடு தெரிந்தால் அந்தப் பெட்ரோல் எதற்கும் ஆகாது. மேலே தெளிவாக இருப்பதை மட்டும் ஊற்றிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது.

அடுத்து, டாங்குக்குள் போகும் ரப்பர் டியூபை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் காற்றைத்தான் இழுக்கும். அதுவும் சரியாக இருந்தால், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றுங்கள். பெரும்பாலான மாடல்களில் ஒரு பக்க மூடிக்கு ஒரே திருகு, மறுபக்க மூடிக்கு நான்கு. இரண்டுக்கும் உள்ளே டயாபிரம் என்னும் மெல்லிய சவ்வு இருக்கும். அது விரலால் தொட்டால் துணிபோலத் துவள வேண்டும். காய்ந்த வாழைச்சருகைப் போல மொடமொடத்தால் உங்கள் நோய் அதுதான். டயாபிரமும், கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டும் அடுக்கும் வரிசை இரு பக்கமும் ஒன்றாக இருக்காது. கழற்றும்போதே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். உள்ளே குட்டியாக ஒரு கம்பி வலை தெரியும். அதில் பிசின் அடைத்திருந்தால் கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் கழுவுங்கள். பெட்ரோல் பாயும் ஜெட் துளையில் கம்பியையோ ஊசியையோ விடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. துளை ஒரு முடியளவு பெரிதானால் கலவையின் கணக்கே கெட்டுவிடும்.

டயாபிரம் கிட் தனியாகக் கிடைக்கிறது. முழு கார்புரேட்டர் விலையில் அது சிறு பங்குதான். கடைக்குப் போகும்போது ரம்பத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், கைக்கு வந்த ஏதோ ஒன்றைக் கொடுப்பார்கள். கார்புரேட்டரின் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சிறு திருகுகளைக் கழற்றுவதாக இருந்தால், முதலில் மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். திரும்ப அதே அளவில் வைத்தால் போதும்.

இனி வேலை முடிந்து எடுத்துவைக்கும்போது டாங்கைக் காலி செய்துவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

சம்பா வயலில் தேங்கும் மழைத்தண்ணீரை இறைக்கப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய பம்ப் ஒன்று வைத்திருக்கிறோம். என் அப்பா வாங்கியது. காலையில் ஒழுங்காகக் கிளம்பும். மதியம் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்தால் எவ்வளவு இழுத்தாலும் கிளம்பாது. எங்கே பார்ப்பது?
*– வாசகர், திருவாரூர்*

எப்படி நிறுத்துகிறீர்கள் என்று எழுதவில்லை. மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அழுத்தி நிறுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மண்ணெண்ணெய் ஆவியாக நல்ல சூடு வேண்டும். சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டு, வரப்பில் ஒருவரிடம் கதை பேசிவிட்டு வருவதற்குள் இன்ஜின் ஆறிவிடும். கார்புரேட்டர் கிண்ணத்திலோ மண்ணெண்ணெய் நிற்கும். பெட்ரோல் பக்கம் திருப்பி வைத்தாலும் கிண்ணம் காலியானால்தானே பெட்ரோல் இறங்கும்? கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிதிருகைத் தளர்த்தி வடித்துவிட்டு இழுத்துப் பாருங்கள். உடனே கிளம்பினால் விஷயம் முடிந்தது. நாளை முதல், நிறுத்துவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே எரிபொருள் திருகைப் பெட்ரோல் பக்கம் திருப்பிவிடுங்கள். உங்கள் அப்பா இதைத்தான் செய்திருப்பார்.

வடித்தும் கிளம்பவில்லை என்றால் சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றி உலோகத்தில் ஒட்டவைத்துத் தீப்பொறி பாருங்கள். பிளக் துளைக்கு அருகில் வைக்காதீர்கள், உள்ளிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். சூட்டில் பொறி இல்லாமல், ஆறியபின் வந்தால் காயில் போய்விட்டது. பாயின்ட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த பழைய மாடல் என்றால், அதோடு இருக்கும் கண்டன்சராகவும் இருக்கலாம்.

ஆயில் குச்சியையும் இழுத்துப் பாருங்கள். அளவு ஏறியிருந்தால் மகிழ வேண்டாம். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. முகர்ந்தாலே தெரியும். அந்த ஆயிலில் மேலும் ஓட்டினால் பேரிங்கும் கனெக்டிங் ராடும் தேய்ந்துவிடும்.

அண்ணா, வாழைத்தோட்டத்தில் புல் வெட்டும் மெஷின் புகை கக்குகிறது. கிளம்புகிறது, ஆனால் புல்லில் வைத்ததும் அடங்கிவிடுகிறது. வேலையாள் கண் மதிப்பில்தான் ஆயில் ஊற்றுவார். பிஸ்டன் போய்விட்டது என்று ஒரு பெரிய தொகை கேட்கிறார்கள்.
*– வாசகி, பாபநாசம்*

அம்மா, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஆயில் கூடினால் கரி சேரும். சைலன்சரும் அதன் பின்னால் இருக்கும் புகைத்துளையும் அடைத்துக்கொள்ளும். புகை வெளியேற வழி இல்லாமல் இன்ஜின் எப்படிப் பலமாக ஓடும்?

சைலன்சரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் இரண்டு போல்ட்தான். துளை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டன் தெரியும். மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருந்தால் அவர்கள் சொன்னது உண்மை. பிஸ்டன் வழவழப்பாக இருந்து துளையைச் சுற்றிக் கரி மட்டும் திரண்டிருந்தால், கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டன் அந்தத் துளையை மூடும் நிலையில் நிறுத்திவிட்டு, மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். இரும்பு வேண்டாம். பிஸ்டனை அப்படி நிறுத்தாவிட்டால் கரித்துண்டு உள்ளே விழுந்து, இல்லாத கீறலையும் போட்டுவிடும். சைலன்சரின் வலையைத் தனியே எடுத்து அடுப்பில் சுட்டால் கரி உதிர்ந்துவிடும்.

கலவை அளவு பெரும்பாலும் டாங்க் மூடியிலேயே அச்சிட்டிருக்கும். 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. வேலையாளிடம் ஒரு மருந்து அளக்கும் மூடியைக் கொடுத்துவிடுங்கள். கண் மதிப்பு சாம்பாருக்குப் புளி கரைக்க உதவும், இதற்கு உதவாது.

மருந்தடிக்கும் மெஷின் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் தானே சரியாகிறது.
*– வாசகர், சீர்காழி*

நின்றதும் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, உடனே இன்ஜினும் கிளம்பினால் மூடியில் இருக்கும் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. கழுவிவிடுங்கள்.

டூ-டி ஆயிலுக்குப் பதிலாக, பைக்கில் இருந்து எடுத்த பழைய ஆயிலைக் கலக்கலாமா?
*– வாசகர், கும்பகோணம்*

கலக்கலாம், இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போடும் உத்தேசம் இருந்தால்.

புயல் மழையில் ஃபோர் ஸ்ட்ரோக் பம்ப் முழுவதுமாக மூழ்கிவிட்டது. உப்புத்தண்ணீரும் கலந்திருக்கும். வெயிலில் காயவைத்திருக்கிறேன். காய்ந்ததும் ஓட்டலாமா?
*– வாசகர், வேதாரண்யம்*

காயவைத்ததுதான் தப்பு. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு உள்ளேயே தங்கி அரிக்கும். இந்த வரியைப் படித்த கையோடு நல்ல தண்ணீரில் வெளிப்புறம் முழுவதையும் கழுவுங்கள். பிளக்கைக் கழற்றும் வரை கயிற்றைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, வேகமாக இழுத்தால் கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கை எடுத்துவிட்டு, பம்பைச் சாய்த்துப் பிடித்து, மெதுவாக இழுத்து உள்ளிருக்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். டாங்க், கார்புரேட்டர் கிண்ணம் இரண்டையும் வடியுங்கள். காற்று ஃபில்டரை மாற்றுங்கள். கயிறு சுற்றியிருக்கும் மூடியைக் கழற்றி உள்ளே சக்கரத்தையும் காயிலையும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து உலர்த்துங்கள். பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு நான்கைந்து முறை இழுங்கள். கீழே இருக்கும் ஆயிலை முழுவதும் வடித்துப் புதிது ஊற்றி, சிறிது நேரம் சுமை இல்லாமல் ஓடவிட்டு மறுபடியும் வடியுங்கள். ஆயில் வெண்மையாகக் கலங்கி வந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. நிறம் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.