அது கொக்கு அல்ல, பெருநாரை

“மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அரிய கொக்கினங்களை எங்கே பார்க்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். செந்தலைச் சாரசமோ வெண்ணிறச் சைபீரியக் கொக்கோ ஆடும் காணொளியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அந்தக் ‘கிரேன்’ குடும்பத்தின் 15 இனங்களில் ஒன்றுகூட இலங்கையை வாழிடமாகக் கொண்டதல்ல. நம் வயலில் நிற்கும் வெண்கொக்கு வேறு குடும்பம்.

இதை நான் அவமானப்பட்டே கற்றேன். அக்கரைப்பற்றுக்கு மேற்கே எங்கள் வட்டையில் (வயல்வெளியில்), நெல் வேளாண்மை கதிர் தள்ளுமுன் குடலையில் நின்ற ஒரு காலை, கரும்சாம்பல் முதுகும் மயிரற்ற தலையுமாக என் நெஞ்சளவு உயரத்தில் ஒரு பறவை வரம்போரம் நின்றது. சாரசம் என்று முடிவுகட்டி, கைபேசிப் படத்துடன் ஒரு பத்திரிகைக்கு எழுதினேன், அவர்களும் வெளியிட்டார்கள். மறுநாள் அதே பறவை கழுத்தை மடக்கிக்கொண்டு பறந்து, மருத மரத்து உச்சியில் இறங்கியது. நான் திகைத்ததைக் கண்ட, வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரர், “கொக்கு மரத்தில குந்தாம வேற எங்க மகன் குந்தும்?” என்றார். சாரசம் குந்தாது. அதன் பின்விரல் சிறுத்து மேலே ஏறியிருப்பதால் கிளையைப் பற்ற இயலாது. பறக்கும்போதும் கழுத்தை நீட்டியே பறக்கும். நான் கண்டது நாரைக் குடும்பத்துப் பெருநாரை. இருமுறை திருத்தம் அனுப்பினேன், வெளியாகவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் பின்னூட்டமிடக்கூடும். நான் பறவையியல் படித்தவனல்லன். ஆயினும் பெயர் பிழைத்தால் பாதுகாப்பும் பிழைக்கும் என்பது என் எண்ணம். உத்தரப் பிரதேசத்தில் சாரசம் நெல்வயல் நீரிலேயே கூடு குவிக்கிறது என்பதால், உழவர் கூட்டைக் கலைக்காமல் விட்டாலே குஞ்சு பிழைக்கும். பெருநாரைக்கோ உயர்ந்த மரம் வேண்டும். நாமோ வட்டையோர மருதுகளைத் தறித்துவிட்டுப் பறவை வரவில்லை என்கிறோம். சைபீரியக் கொக்கின் கதை இன்னும் கடினம்: இந்தியாவின் பரத்பூர் சரணாலயத்துக்கு வந்த கடைசிச் சோடி 2002 உடன் நின்றுபோக, இன்று ஏறக்குறைய அவ்வினம் முழுவதும் குளிர்காலத்தில் சீனாவின் போயாங் ஏரியை நம்பியிருக்கிறது.

நீங்கள் பாணமையைக் கடந்து குமணைத் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். அங்குள்ள வில்லின் (இயற்கை நீர்நிலையின்) கரையில் பெருநாரையைக் காண வாய்ப்புண்டு. நற்பேறு இருந்தால், நாட்டில் மிக அரிதான கருங்கழுத்து நாரையும் தன் செந்நிற நெடுங்கால்களோடு தென்படலாம். படம் எடுத்தால், அது எங்கே போய் அமர்கிறது என்று பார்த்த பின்பு பெயர் எழுதுங்கள்.