சார்ஜென்ட் இல்லாத பாதி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர்ப்படங்களைப் பற்றிய குறிப்பில் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’டை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியை நம்பி நாங்கள் நான்கு பேர் அறையில் உட்கார்ந்து பார்த்தோம். முதல் முக்கால் மணி நேரம் யாரும் செல்போனைத் தொடவில்லை. பயிற்சி முகாமில் சார்ஜென்ட் ஹார்ட்மன் புதிய ஆட்களைத் திட்டத் திட்ட விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தக் கழிவறைக் காட்சியோடு படம் முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. பிறகு வியட்நாம். ஒருவன் தூங்கிவிட்டான். ‘ரெண்டு படத்தை ஒட்ட வச்சிருக்காங்க’ என்றான் இன்னொருவன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள், சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவுக்கு முதல் பகுதியை மட்டும் போட்டுக் காட்டினேன். ‘இப்படி ஒரு ஆள் கையில சிக்கியிருந்தா நீயெல்லாம் உருப்பட்டிருப்பே’ என்றார். இதைப் போர் எதிர்ப்புப் படம் என்கிறார்கள். பட்டாளத்துக்காரர் ரசிக்கிறார், நாங்கள் சிரிக்கிறோம். எதிர்ப்பு எங்கே இருக்கிறது?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

தூங்கிய நண்பரைக் குறை சொல்லாதீர்கள். 1987ல் படம் வந்தபோதே இந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு இரண்டரை நட்சத்திரம்தான் கொடுத்தார். தொலைக்காட்சியில் அவரோடு சேர்ந்து விமர்சிக்கும் ஜீன் சிஸ்கெல் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் இன்னொரு வியட்நாம் போர்ப்படமான ‘பிளட்டூன்’ வெளிவந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியிருந்தது. அதில் ஒரு நல்ல சார்ஜென்ட், ஒரு கெட்ட சார்ஜென்ட், நடுவில் நாம் பரிதாபப்பட ஒரு பையன். குப்ரிக் அப்படிக் கைப்பிடி எதுவும் வைக்கவில்லை. ‘முதல் பாதி பிரமாதம், இரண்டாம் பாதி தேறாது’ என்பது அன்றிலிருந்து ஒரு கட்சி. நானும் வெகுநாள் அந்தக் கட்சியில் இருந்தவன்தான்.

உங்கள் சிரிப்பிலிருந்து ஆரம்பிப்போம். ஹார்ட்மனாக வரும் லீ எர்மி உண்மையிலேயே அமெரிக்காவின் மரைன் படையில் இருந்தவர். 1960களில் சான் டியேகோவில் புதிய ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், வியட்நாமுக்கும் போனவர். படத்துக்கு அவரை அழைத்தது ஆலோசகராகத்தான். அந்த வேடம் டிம் கோல்செரி என்ற நடிகருக்குப் போயிருந்தது. எர்மி வரிசையில் நிறுத்திய பையன்களைத் திட்டிக் காட்டியதைப் பார்த்தபின் குப்ரிக் வேடத்தை அவருக்கே மாற்றிவிட்டார். எர்மி தந்த வசவுகளே ஏதோ 150 பக்கம் வந்தது என்று குப்ரிக் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பாவம் கோல்செரிக்குக் கிடைத்தது, ஹெலிகாப்டரிலிருந்து வயலில் ஓடுகிறவர்களைச் சுட்டுக்கொண்டே பேசும் அந்தச் சின்ன வேடம்.

வசவுக்கு ஒரு தாளம் உண்டு. கவுண்டமணி வாயைத் திறந்தாலே சிரிக்கப் பழகிய காது நம்முடையது. எர்மியின் தாளத்துக்கு அது உடனே இசைந்துவிடுகிறது, தப்பில்லை. ஆனால் அந்த முதல் அணிவகுப்பை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். மொட்டையடித்த பையன்கள் இரண்டு வரிசையாக விறைத்து நிற்கிறார்கள். எல்லா முகமும் கல். ஒரே ஒருவனுக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. குண்டான அந்தப் பையன், லெனார்ட் லாரன்ஸ். அவனுக்கு ஹார்ட்மன் உண்மையாகவே வேடிக்கையாகத் தெரிகிறார். அதற்குத் தண்டனை என்ன? முட்டி போட வைத்து, தன் கையை நீட்டி, ‘கழுத்தைக் கொண்டுவந்து இதில் வை, நீயே நெரித்துக்கொள்’ என்கிறார். அந்த அறையில் உங்களைப் போலச் சிரித்தவன் அவன் ஒருவன்தான். அந்த நிமிஷம் நீங்கள் நான்கு பேரும் அவன் இடத்தில் இருந்தீர்கள்.

எவ்வளவு நேரம் அங்கேயே இருந்தீர்கள்? அவன் பெட்டியில் ஒரு டோனட் அகப்படுகிறது. இனி இவன் தப்பு செய்தால் தண்டனை மற்ற எல்லாருக்கும் என்று ஹார்ட்மன் அறிவிக்கிறார். இவன் நின்றுகொண்டு டோனட்டைத் தின்ன, மற்றவர்கள் தரையில் தண்டால் எடுக்கிறார்கள். அங்கே ஒரு எரிச்சல் வரும். ‘இவன் ஒருத்தனால எல்லாருக்கும்’ என்று. எனக்கு வந்தது. பிறகு ஒரு இரவு சோப்புக் கட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவராக வந்து அவனை அடிக்கிறார்கள். கடைசியில் நிற்பது ஜோக்கர் என்ற பையன், லெனார்டுக்கு ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுத்தவன். லெனார்டுக்கு ஹார்ட்மன் வைத்த பட்டப்பெயர் ‘பைல்’, தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் வந்த ஒரு மக்கு மரைனின் பெயர். ஜோக்கர் மட்டும் லெனார்ட் என்று கூப்பிடுகிறான். அவன் கொஞ்சம் தயங்குகிறான், பிறகு ஒரு அடியோடு நிறுத்தாமல் மற்றவர்களைவிட அதிகமாக அடிக்கிறான். அப்புறம் தன் படுக்கையில் காதைப் பொத்திக்கொண்டு படுக்கிறான், அழுகைச் சத்தம் கேட்காமலிருக்க.

பெரியப்பா இந்த இடத்தில் என்ன சொன்னார்? நீங்கள் எழுதவில்லை. அவரைக் கிண்டல் செய்யக் கேட்கவில்லை. ஒழுங்கு இல்லாத படை தன் ஆட்களையே பலிகொடுக்கும் என்று அறிந்தவர் அவர். ஆனால் படத்தில் காட்டப்படும் அதே பாரிஸ் ஐலண்ட் மரைன் பயிற்சி முகாமில், 1956 ஏப்ரல் 8 இரவு, ஒரு பயிற்சி சார்ஜென்ட் தன் பிளட்டூனை, அதாவது தன் கீழிருந்த சிறு படைப்பிரிவை, ஒழுங்குபடுத்துகிறேன் என்று ரிப்பன் க்ரீக் என்ற சதுப்பு ஓடைக்குள் நடத்திக்கொண்டு போனார். ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்மீது ராணுவ நீதிமன்ற விசாரணை நடந்தது, பயிற்சி விதிகள் மாறின. ஹார்ட்மனும் வானத்திலிருந்து குதித்தவரில்லை.

ஒட்டுப்போட்ட படம் என்கிறீர்கள். தையல் எங்கே என்று சொல்கிறேன். ஹார்ட்மனையும் பிறகு தன்னையும் சுட்டுக்கொல்வதற்கு முன், கழிவறையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் லெனார்ட் ஒரு வாக்கியம் சொல்கிறான். தமிழில் ‘நான் பீக்காட்டில் கிடக்கிறேன்’ என்று வைத்துக்கொள்ளலாம். படத்தின் கடைசியில், எரியும் வியட்நாமிய நகரமான ஹுவேயின் முன்னால் நடந்துபோகும் ஜோக்கர் அதே வாக்கியத்தைச் சொல்கிறான், கூடவே ‘ஆனால் உயிரோடு இருக்கிறேன், பயமில்லை’ என்று சேர்த்துக்கொள்கிறான். சற்று முன்புதான், மறைந்திருந்து இவர்களைச் சுட்டு, பிறகு சுட்டு வீழ்த்தப்பட்டு, ‘என்னைச் சுடு’ என்று கெஞ்சும் ஒரு சின்னப் பெண்ணை அவன் சுட்டிருக்கிறான். எல்லோரும் மிக்கி மவுஸ் பாட்டைப் பாடிக்கொண்டே போகிறார்கள். சின்ன வயதில் டிவி முன்னால் உட்கார்ந்து கேட்ட பாட்டு.

இரண்டாம் பாதி சலிப்பதற்குக் காரணம் சார்ஜென்ட் இல்லாததுதான் என்பது என் எண்ணம். முதல் பாதியில் கட்டிலெல்லாம் நேர்க்கோட்டில், குரல் ஒன்று, அடுத்து என்ன என்பது தெரியும். ஹுவேயில் கட்டளையிட ஆளில்லை, மூலைக்கொரு சண்டை. நாமும் அந்தக் குரலுக்காக ஏங்குகிறோம். நாற்பத்தைந்து நிமிடத்தில் நம்மையும் பழக்கிவிட்டார்கள்.

இதைச் சொல்லி இரண்டாம் பாதியின் ஓட்டையை அடைத்துவிட மாட்டேன். ஹுவே என்று காட்டுவது லண்டனின் கிழக்கே பெக்டனில் இருந்த பழைய கேஸ் ஆலை. பனைமரங்கள் ஸ்பெயினிலிருந்து வந்தவை. அதுகூடப் பரவாயில்லை. ஒரு வியட்நாமியருக்கும் பெயர் இல்லை. உடலை விற்கிற பெண்கள், கேமராவைத் திருடுகிறவன், கடைசியில் அந்தப் பெண். அவர்கள் நாட்டில் நடக்கும் போர்.

எதிர்ப்பு எங்கே என்று கேட்டீர்கள். வளைகுடாப் போரில் மரைனாக இருந்த ஆண்டனி ஸ்வாஃபோர்ட் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1990ல் புறப்படுவதற்கு முன் அவருடைய பிளட்டூன் கிடைத்த வியட்நாம் படங்களையெல்லாம் வாடகைக்கு எடுத்து, பீர் குடித்துக்கொண்டு நாள்கணக்கில் பார்த்ததாம். இந்தப் படமும் அதில் உண்டு. எடுத்தவர் என்ன நினைத்து எடுத்தாலும் சிப்பாய்களுக்கு அவை போரை ஆதரிக்கும் படங்கள்தான் என்கிறார். உங்கள் பெரியப்பாவும் அவரும் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் பேசலாம். குப்ரிக் எந்தக் கட்சிக்கும் கொடி பிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. லெனார்டின் சிரிப்பில் உங்களை உட்கார வைத்துவிட்டு, எந்த இடத்தில் எழுந்து ஜோக்கரின் பக்கம் போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பாவுக்கு மீதிப் படத்தையும் காட்டுங்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.