தெருமுனையில் நின்ற வண்டி

கேள்வி: நானும் என் கணவரும் இடைநிலை ஆசிரியர்கள். ஒரே ஒன்றியத்தில் வேறு வேறு பள்ளிகள். அவர் சங்கத்தில் வட்டாரச் செயலாளர். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்தபோது, 'ரெண்டு சம்பளமும் நின்னுட்டா வீட்டுக் கடன் தவணை என்ன ஆகும், நீ போய்க் கையெழுத்துப் போடு' என்று அவர்தான் சொன்னார். முதல் நாள் வண்டியில் கூட்டி வந்து தெருமுனையில் விட்டுவிட்டு மறியலுக்குப் போனார். எங்கள் பள்ளியில் நான் ஒருத்திதான் உள்ளே போனேன். பிள்ளைகள் பாவம் என்று வந்ததாக எல்லோரிடமும் சொன்னேன். அதிலிருந்து எனக்குக் கருங்காலி என்று பெயர். என் பிரசவ விடுப்பில் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட அக்கா ஒருவர் அந்தப் போராட்டத்தில் கைதானார். இன்றுவரை அவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. கணவருக்கு அந்த நாட்களின் சம்பளம்கூடப் பிறகு வந்துவிட்டது. இப்போது மறுபடியும் போராட்டம் என்று பேச்சு அடிபடுகிறது. 'போன தடவை மாதிரியே பண்ணிக்கலாம்' என்கிறார். நான் செய்தது தப்பா? இந்த முறை என்ன செய்ய? எனக்கும் சேர்த்து அவர்தான் சங்கச் சந்தா கட்டுகிறார். என் பெயரை எடுத்துவிடச் சொல்லலாமா?
— பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்:

தப்புதான் டீச்சர். ஆனால் நீங்கள் நினைத்துக் கவலைப்படும் தப்பு அது இல்லை.

இந்தக் கடிதம் எனக்குப் புதுசும் இல்லை. போக்குவரத்துக் கழகத்துக்காரர் வீட்டிலிருந்து வந்திருக்கிறது, மின்வாரியத்துக்காரர் வீட்டிலிருந்து வந்திருக்கிறது, வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி இரண்டு பேரும் தனித்தனியாக எழுதி, ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாமல் நான் இரண்டையும் வைத்துக்கொண்டு முழித்ததும் உண்டு. ஒருத்தர் வெளியே நிற்பார், ஒருத்தர் உள்ளே போவார், கடைசியில் போராட்டம் சரியா, வேலைக்குப் போனது சரியா என்று என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்வார்கள். அதை அப்புறம் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வார்த்தையில் நான் நின்றுவிட்டேன். தெருமுனை.

ஏன் தெருமுனை? மற்ற நாட்களில் அவர் உங்களை வண்டியில் கொண்டுவந்தால் எங்கே இறக்கிவிடுவார்? பள்ளி வாசலில்தானே? தெருமுனைக்கும் வாசலுக்கும் நடுவில் பத்து வீடு இருக்குமா, பதினைந்து இருக்குமா? அந்தத் தூரம் வண்டி ஏன் ஓடவில்லை? நீங்கள் இதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். மழை பெய்தது, பேருந்து தாமதமாக வந்தது என்று சொல்கிற மாதிரி. ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இறங்கி நின்றது.

வட்டாரச் செயலாளர் தன் மனைவியைக் கொண்டுவந்து வேலைக்கு விடுவதை யாராவது பார்த்துவிட்டால் அவர் மானம் போய்விடும். அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வாசல் வரை வந்தால் அது இரண்டு பேர் எடுத்த முடிவு. தெருமுனையோடு திரும்பிவிட்டால் அது உங்கள் ஒருத்தியின் முடிவு. அன்று சாயங்காலம் அவர் மறியலில் கைதாகி ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் வைக்கப்பட்டு, எல்லோரோடும் டீ குடித்துவிட்டு, தோழர் என்று கூப்பிடப்பட்டு வீட்டுக்கு வந்திருப்பார். நீங்கள் கருங்காலி என்ற பெயரோடு வந்திருப்பீர்கள். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் வைத்த சாப்பாட்டைத்தான் சாப்பிட்டிருப்பீர்கள். அன்றைக்காவது, 'என் வீட்டுக்காரிமேல தப்பு இல்லை, நான்தான் போகச் சொன்னேன்' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டாரா? போட்டிருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

சரி, அவரை மட்டும் திட்டிவிட்டு உங்களைத் தட்டிக்கொடுத்து அனுப்பப் போவதில்லை. நீங்களும் இறங்கி நடந்தீர்கள். 'ஏன் இங்கேயே நிறுத்துறீங்க' என்று கேட்கவில்லை. அதைவிட மோசம், உள்ளே போய், பிள்ளைகள் பாவம் என்றீர்கள். தவணைக்காகத்தான் வந்தேன் என்று சொல்லியிருந்தால்கூட உங்கள் பள்ளியில் பாதிப் பேருக்குப் புரிந்திருக்கும், தவணை இல்லாத வாத்தியார் வீடு எது? பிள்ளைகளைக் கேடயமாகப் பிடித்ததைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. அப்படியென்றால் வெளியே நின்றவர்களுக்குப் பிள்ளைகள்மேல் பாசம் இல்லையா? அரையாண்டு முடிந்து முழுப்பரீட்சைக்கு முன்னால் கிடைக்கிற நாட்கள் எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் வயிற்றெரிச்சலோடு வெளியே நின்றார்கள். ஜனவரி 30-ல் போராட்டத்தைத் தள்ளிவைத்தபோது சங்கங்கள் சொன்னதும் மாணவர்கள் நலன்தான்.

நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை. அந்தப் போராட்டம் நியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அப்போது பழைய ஓய்வூதியம் கிடையாது, அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் மாதாமாதம் பத்து சதவீதம் பிடித்தார்கள், ஆனால் ஓய்வு பெற்றபின் மாதம் இவ்வளவு வரும் என்ற உறுதி எதுவும் இருக்கவில்லை. இதை எதிர்த்துக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது? அப்புறம் இன்னொன்று. இடைநிலை ஆசிரியருக்கு மத்திய அரசுக்கு இணையான சம்பளம் வேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இருந்ததே, அது உங்களுடைய சம்பளம் டீச்சர். அந்த அக்கா கைதானது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அந்த அக்காவுக்கு வீட்டில் கடன் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? அரசாங்கம் வேலை இல்லையேல் சம்பளம் இல்லை என்றது. ஒழுங்கு நடவடிக்கைக்கான 17 பி நோட்டீஸ் வந்தது, தற்காலிகப் பணிநீக்கம் வந்தது. பத்தாயிரம் ரூபாய் தொகுப்பூதியத்துக்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். ஒரே சம்பளத்தில் ஓடுகிற வீட்டிலிருந்து வந்தவர்கள் அந்த ஒன்றையும் பணயம் வைத்தார்கள். இரண்டு சம்பளம் வருகிற வீட்டில் நீங்கள் பாதியை உள்ளே பத்திரமாக வைத்துவிட்டு மீதியைத்தான் பந்தயத்தில் வைத்தீர்கள். தலைவர் வீடே அப்படிச் செய்தது தெரிந்தால் வெளியே நின்றவர்களுக்கு எப்படி இருக்கும்? தெரியாது என்று நினைக்காதீர்கள், ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்ன வார்த்தையை அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

போராட்டத்தை ஒப்புக்கொள்ளாதவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு வாத்தியார் தம்பதி இருந்தார்கள். 2003 ஜூலை வேலைநிறுத்தத்துக்கு அவர் கிளம்பினார், அந்த அம்மா கிளம்பவில்லை. முதல் நாள் ராத்திரியே வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழுகிற மாதிரி சண்டை. 'எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, நான் போவேன்' என்றார் அந்த அம்மா. மறுநாள் காலையில் அவரே சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, அங்கே நின்ற சங்கத்துக்காரர்களிடம், 'இவ கருத்து வேற, என் கருத்து வேற' என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதம் டெஸ்மா என்ற தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வேலையைவிட்டு நீக்கினார்களே, அதில் அவரும் ஒருவர். ஆகஸ்ட் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய எந்த உரிமையும் இல்லை என்று சொல்லிவிட்டது. மன்னிப்பும், இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலானவர்கள் திரும்ப வேலையில் சேர முடிந்தது. அந்தக் கடிதத்தை அவர் எழுதும்போது அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேனாவுக்கு மை ஊற்றிக் கொடுத்தார். கொடுக்கப் போன இடத்துக்கும் கூடவே போய் வரிசையில் நின்றார். யாரும் அந்த அம்மாவைக் கருங்காலி என்று சொல்லி நான் கேட்டதில்லை. எப்படிச் சொல்வார்கள், வாசலில் இறங்கிப் போனவர் ஆயிற்றே.

குடும்பம் என்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்சியாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் இரண்டு பேருமாக எடுத்த முடிவுக்கு வருகிற ஏச்சை ஒருத்தர் தலையில் கொட்டக் கூடாது.

கடிதத்தில் இன்னொரு வரி. அவருக்கு அந்த நாட்களின் சம்பளம் வந்துவிட்டது என்கிறீர்கள். வரத்தான் செய்யும், 2021-ல் ஒழுங்கு நடவடிக்கைகளைக் கைவிட்டு, 22.1.2019 முதல் 30.1.2019 வரையிலான நாட்களைப் பணிக்காலமாகவே முறைப்படுத்திவிட்டார்களே. ஆக, அவருக்குப் பணத்திலும் நட்டமில்லை, பேரிலும் நட்டமில்லை. உங்கள் சம்பளம் முதலிலிருந்தே வெட்டுப்படவில்லை. மொத்தக் கணக்கில் போனது அந்த அக்காவோடு சாப்பிட்ட மதியச் சாப்பாடு ஒன்றுதான். அதை முறைப்படுத்த அரசாணை வராது, நீங்களே போய்த்தான் கேட்க வேண்டும்.

எப்படிப் போவது? தனியாகப் போகாதீர்கள். கணவரைக் கூட்டிக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போங்கள், பள்ளிக்கு வேண்டாம், வீட்டுக்கு. 'நான்தான் போகச் சொன்னேன்' என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். 'பிள்ளைகளுக்காக வந்தேன்னு சொன்னது பொய்' என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். அக்கா மன்னிப்பாரா என்று என்னைக் கேட்காதீர்கள். இத்தனை வருடம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷிக்கு ஒரு நாளில் மனசு மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வர மாட்டேன் என்று உங்கள் கணவர் சொன்னால், அடுத்த பொதுக்குழுவிலேயே பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். சொந்த வீட்டில் உள்ள ஒரு ஆளுக்காக வாய் திறக்காதவர் ஒரு வட்டாரத்து ஆசிரியர்களுக்காக வட்டாரக் கல்வி அலுவலரிடம் என்ன பேசிவிடப் போகிறார்?

இந்த முறை என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். 'போன தடவை மாதிரியே' என்பது மட்டும் கிடையாது. கோரிக்கையில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் வெளியே நில்லுங்கள். இப்போதிருந்தே மூன்று மாதத் தவணையைத் தனியாக எடுத்து வையுங்கள், நகையை அடகு வைத்தாவது. நம்பிக்கை இல்லையென்றால் உள்ளே போங்கள், நான் தடுக்க மாட்டேன், ஆனால் முந்தின நாளே ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போங்கள். எதுவானாலும் வண்டி வாசல் வரை வர வேண்டும்.

சந்தா விஷயம். பெயரை எடுக்காதீர்கள். இனிமேல் உங்கள் சந்தாவை உங்கள் கையால் கட்டி, ரசீதை உங்கள் பெயரில் வாங்கி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவருக்குப் பின்னால் உட்காராமல் தனி நாற்காலியில் உட்கார்ந்து, தலைவர்கள் வீட்டில் ஒருத்தர் உள்ளே ஒருத்தர் வெளியே என்று இருக்கலாமா என்ற கேள்வியை நீங்களே எழுந்து கேளுங்கள். பதில் என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.