சாமி அலமாரி மூலை பிரிஞ்சதுக்கு உங்க கை காரணம் இல்ல

கேள்வி: அண்ணே, எங்களுக்கு சிங்கப்பூர் ஈசூன்ல எச்டிபி (வீடமைப்புக் கழக) வீடு. ஆறு மாசமா சனி ஞாயிறு உக்காந்து தேக்குல ஒரு சின்ன சாமி அலமாரி நானே செஞ்சேன். பெட்டியோட நாலு மூலையும் 45 டிகிரி மைட்டர் (ரெண்டு துண்டு முனையையும் சாய்வா வெட்டி ஒட்டற மூலை), ரெண்டு கதவுச் சட்டமும் மைட்டர், கீழ கற்பூரம் திருநூறு வைக்க ரெண்டு ட்ராயர், முகப்புல வால்நட் வெனீர் (மேல ஒட்டற மெல்லிசான மரத்தாள்). ஹால்ல வெச்சு ரெண்டு மாசம்கூட ஆகல, கதவு மூலை உள்பக்கமா வாயைப் பொளந்துடுச்சு, ஒரு ட்ராயர்ல வெனீர் கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கு. வந்து பாத்த ரெனோவேஷன் ஆளு உங்க ஆங்கிளே தப்பு, இத தூக்கிப் போடுங்க, லாமினேட்ல புதுசா அடிச்சுத் தர்றேன்னு ஃபுட் ரன் கணக்குல (ஒரு அடி நீளத்துக்கு இவ்வளவுன்னு) விலை சொல்றாரு. தூக்கிப் போட்டுடவா?

பதில்: வேண்டாம்மா. அந்த ஆளுக்கு ஒரு டாலர்கூட அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.

உங்க கேள்வியிலயே பதில் இருக்கு, "உள்பக்கமா"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது ஒண்ணு போதும். மரம் காஞ்சா அகலத்துலதான் சுருங்கும், நீளத்துல சுருங்கறது கணக்குல எடுக்கற அளவே இல்ல. 45 டிகிரில வெட்டின சட்டம் அகலத்துல மட்டும் சுருங்கினா அந்த 45, 45ஆ இருக்காது, கொஞ்சம் கூராயிடும், அதனால வெளிமூலை ஒட்டியே இருக்கும் உள்மூலை திறந்துக்கும். மரம் ஊறிச்சுன்னா நேர்மாறா வெளிமூலை திறக்கும். வெட்டும்போதே ஆங்கிள் தப்பா இருந்திருந்தா க்ளூ போட்ட அன்னிக்கே இடைவெளி தெரிஞ்சிருக்கும், ரெண்டு மாசம் காத்திருந்து வராது. ஆக நீங்க வெட்டினது சரி, நீங்க வெட்டின மரம் ஈரமா இருந்திருக்கு, அப்புறம் ஏர்கான் ஓடற ஹால்ல வந்து காஞ்சிருக்கு. அவ்வளவுதான் விஷயம்.

எவ்வளவு ஈரம்னு கேட்டா, நம்ம ஊர் காத்துல ஈரப்பதம் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல, அந்தக் காத்துல திறந்து கிடக்கற மரம் 15, 16 சதவீதம் ஈரத்துல வந்து நிக்கும். தினமும் ஏர்கான் போடற ரூம்ல ஈரப்பதம் 55க்கு இறங்கிச்சுன்னா அதே மரம் 10 சதவீதத்துக்கு வரப் பாக்கும். தேக்கு ரொம்ப ஒழுக்கமான மரம், அதுவே இந்த வித்தியாசத்துக்கு 75 மில்லிமீட்டர் சட்டத்துல முக்கால் மில்லிமீட்டர் கிட்ட சுருங்கும், ரெண்டு சட்டமும் சேந்து உள்மூலையில ஒரு மில்லிமீட்டர் சந்து. நீங்க பாத்தது அதுதான்னு நினைக்கிறேன். மெராந்தி மாதிரி மரம் இன்னும் அதிகமா ஆடும்.

இப்ப எனக்குக் கோவம் வர்ற இடத்துக்கு வர்றேன். மரம் வாங்கும்போது "கில்ன் ட்ரை பண்ணது, ஆடவே ஆடாது"ன்னு, அதாவது சூளையில காய வெச்சதுன்னு சொல்லித்தான் குடுத்திருப்பாங்க, இல்லையா? கில்ன்ல காய வெச்சது பொய்யா இருக்கணும்னு இல்ல. ஆனா சூளையிலருந்து வெளிய வந்த மரம் என்ன பாட்டில்ல அடைச்சா இருக்கு, அது ஷெட்ல மாசக்கணக்கா மழைக்காத்துல கிடந்து மறுபடி ஈரத்தைக் குடிச்சுக்கும். கடைக்காரரைவிட நடுவுல நிக்கற ஏஜெண்டுங்கதான் மோசம், மரத்தைத் தொட்டே பாத்திருக்க மாட்டாங்க, ஃபோன்ல படம் அனுப்பி வேற ஒருத்தரோட ஷெட்லருந்து ஏத்தி விட்டு கமிஷன் எடுத்துப்பாங்க. நான் தனியா தொழில் ஆரம்பிச்ச புதுசுல இப்படி ஒரு ஏஜெண்டை நம்பி கில்ன் ட்ரைன்னு முத்திரை குத்தின பலகை ஒரு லோடு எடுத்தேன், அதுல செஞ்ச சாப்பாட்டு மேசை அலமாரி கதவு ஆறும் பிரிஞ்சு வந்துச்சு, என் கைக்காசுல திரும்ப செஞ்சு குடுத்தேன், அந்த ஆளு ஃபோனே எடுக்கல. அதனால சொல்றேன், ஊசி வெச்ச ஈர மீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க. சுங்கை காடுட் பக்கம் மரக்கடைக்குப் போனா பலகை முனையை வெட்டித் தரச் சொல்லி, வெட்டின புது முகத்துல குத்திப் பாருங்க, மேல்தோல்ல குத்தினா ஏமாந்துடுவீங்க. எவ்வளவு காட்டினாலும் சரி, வீட்டுக்குக் கொண்டு வந்து அலமாரி எந்த ரூம்ல நிக்கப் போகுதோ அதே ரூம்ல, பலகைக்கு நடுவுல குச்சி வெச்சு அடுக்கி மூணு நாலு வாரம் விடுங்க. ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் மீட்டர் நம்பர் மாறாம நின்னாத்தான் ரம்பத்தை எடுக்கணும்.

சரி, அப்ப பெட்டியோட நாலு மூலையும் மைட்டர்தானே அது ஏன் பிரியலன்னு கேப்பீங்க. இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா பாதிப் பேர் இங்கதான் பயந்துபோய் மைட்டரே வேண்டாம்னு விட்டுடறாங்க. பெட்டியில பக்கப்பலகை, மேல்பலகை, அடுத்த பக்கம், அடிப்பலகைன்னு மர ரேகை (நார் ஓடற வாக்கு) ஒரு பெல்ட் மாதிரி சுத்தி ஓடுது. மரம் சுருங்கினா நாலு பலகையும் ஒரே திசையில, அதாவது முன்னாலருந்து பின்னால, ஒண்ணா சுருங்கும். ஒண்ணை ஒண்ணு இழுக்காது, மூலையில சண்டையே இல்ல. பலகையோட கனம் மட்டும் கொஞ்சம் மாறும், 18 மில்லிமீட்டர் கனத்துல அது கண்ணுக்குத் தெரியாது. கதவுச் சட்டம் அப்படி இல்ல, அங்க படுத்த சட்டத்தோட அகலம் ஒரு திசை, நிக்கற சட்டத்தோட அகலம் இன்னொரு திசை, சுருங்கும்போது ரெண்டும் மூலையை விட்டு ஆளுக்கொரு பக்கம் போகும். புரியலன்னா ஒரு துண்டுக் காகிதப் பட்டையை எடுத்து பெட்டி மாதிரி மடிச்சுப் பாருங்க, அப்புறம் ரெண்டு பட்டையை எல் மாதிரி வெச்சுப் பாருங்க. பெட்டிக்கு மைட்டர் தாராளமா போடலாம். ஆனா பின்பலகையை ப்ளைவுட்ல போடுங்க, அகலமான தேக்குப் பலகையை பின்னால காடியில (நீளப் பள்ளத்துல) க்ளூ போட்டு இறுக்கிட்டீங்கன்னா அது பெட்டியையே உடைக்கும்.

கதவை இப்ப தொடாதீங்க. பட்டி (புட்டி) வெச்சு இடைவெளியை அடைச்சா மரம் திரும்ப ஊறும்போது பட்டி ஆப்பு மாதிரி நின்னு வெளிமூலையைப் பொளக்கும். இன்னும் ஒரு மாசம் விட்டுட்டு, சந்து பெருசாகாம நின்னதும் மெல்லிய ரம்பத்தால அந்த மைட்டர் கோட்டுலயே மூலையை அறுத்துப் பிரிங்க, ரம்பம் ரெண்டு முகத்தையும் ஒரே நேரத்துல தின்னு பொருத்திடும். முனை மரம், அதாவது ரேகைக்குக் குறுக்கா வெட்டின முகம், க்ளூவை உறிஞ்சிக்கும், அதனால ஒயிட் க்ளூ மெல்லிசா ஒரு தடவை பூசி சில நிமிஷம் விட்டு அப்புறம் ரெண்டாவது பூசி ஒட்டுங்க, அதுக்கு முன்னாடி தேக்கோட எண்ணெயை அசிட்டோன்ல துடைச்சிடுங்க. காஞ்சதும் வெளிமூலையில குறுக்கா காடி எடுத்து மரத்துண்டு ஒண்ணை நாக்கு மாதிரி சொருகுங்க, ரேகை ஜாயிண்ட்டைத் தாண்டி ஓடணும். அடுத்த அலமாரிக்கு சட்டத்தை 40 மில்லிமீட்டரா வெச்சுக்கோங்க, சந்தும் பாதியாயிடும்.

வெனீர் விஷயத்துல நீங்க எந்த க்ளூன்னு எழுதல, ஆனா கடையில அந்த மஞ்சள் காண்டாக்ட் க்ளூவைத்தான் குடுத்திருப்பாங்க, எல்லாருக்கும் அதையேதான் குடுக்கறாங்க. லாமினேட்டுக்கு அது சரி. அரை மில்லிமீட்டர் வெனீருக்கு அது கடைசி வரைக்கும் ரப்பர் மாதிரி இளகியே இருக்கும், சூட்டுல விட்டுடும். அதுதான்னா முழுசா உரிச்சு எடுத்துட்டு புதுசா ஒட்டறதுதான் வழி. ஒயிட் க்ளூவா இருந்தா கொப்புளத்தை ரேகை வாக்குல பிளேடால கீறி, ஊசியால க்ளூ ஏத்தி, மெழுகுத்தாள் வெச்சு மேல கட்டை போட்டு கிளாம்ப் பண்ணுங்க. இன்னொண்ணு, ட்ராயர் முகப்போட பின்பக்கமும் வெனீர் ஒட்டியிருக்கீங்களா? ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா பலகை அந்தப் பக்கமா வளைஞ்சிடும். பின்னால விலை குறைஞ்ச வெனீர் போதும், யாரு பாக்கப் போறாங்க.

வீட்டுல மெஷின் போட முடியலயேன்னு கவலைப்படுவீங்க, நியாயம்தான். ரெனோவேஷன் சத்தத்துக்கு எச்டிபி விதி திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9லருந்து 5 வரை, சனி ஞாயிறு கூடாது. வேலைக்குப் போறவங்க எப்பதான் மரத்தைத் தொடறதுன்னு யாராவது யோசிச்சாங்களா தெரியல. கைத்தொழில் கத்துக்கோங்கன்னு ஊரெல்லாம் கோர்ஸ், ரெண்டு நாள்ல ஒரு தட்டு செஞ்சு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்தா அப்புறம் செய்ய இடம் எங்க இருக்கு? அதனால கை ரம்பத்துல கொஞ்சம் கூடுதலா வெட்டி, 45 டிகிரி ஷூட்டிங் போர்டுல (துண்டைச் சாய்வா பிடிச்சு சீவ வசதியான பலகை) வெச்சு கூரான இழைப்புளியால சீவுங்க. பக்கத்து வீட்டுக்கு கேக்காது, மெஷினைவிட சுத்தமாவும் வரும்.

அப்புறம் விளக்கோட சூடு. கொப்புளம் வந்த ட்ராயர் விளக்குக்கு நேர் கீழயா இருக்கு? அப்படின்னா ஒட்டறதுக்கு முன்னாடி விளக்கை இடம் மாத்துங்க, முடியலன்னா விளக்குத் தட்டுக்கு அடியில நாலு சின்னக் கால் வெச்சு மரத்துலருந்து ரெண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வைங்க.